யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு, ஊழியர் வெற்றிடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கம்பஸில் ஏதும் வேலை இருக்கோ?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் எந்த வேலையைக் கேட்கிறோம் என்று முடிவெடுக்காமலே கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக ஒரே வாசல் இல்லை. விரிவுரையாளர் பதவிக்கு ஒரு வழி, முகாமைத்துவ உதவியாளருக்கு இன்னொரு வழி, ஆய்வு உதவியாளருக்கு முற்றிலும் வேறு வழி. அறிவித்தல் வரும் இடமும், தெரிவு செய்பவர்களும், கேட்கப்படும் பத்திரங்களும் வேலைக்கு வேலை மாறும். இது தெரியாததால் நல்ல தகுதி உள்ள பிள்ளைகள் முடிவுத் திகதிக்குப் பிறகு செய்தி அறிந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதைத் தவிர்க்க உதவும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பல்கலைக்கழக வேலைகள் என்னென்ன வகை?

முதலாவது நிரந்தரக் கல்விசார் பதவிகள்: விரிவுரையாளர் (தகுதிகாண்), விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர். உதவி நூலகர் பதவியும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது நிர்வாகப் பதவிகள்: உதவிப் பதிவாளர், உதவி நிதியாளர் போன்றவை. மூன்றாவது கல்விசாரா ஊழியர்: முகாமைத்துவ உதவியாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஆய்வுகூட உதவியாளர், சாரதி, தொழிலாளி. நான்காவது தற்காலிகப் பதவிகள்: தற்காலிக உதவி விரிவுரையாளர், செய்முறை வகுப்புக்கான செயல்விளக்குநர், மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு பெறும் வருகை விரிவுரையாளர். ஐந்தாவது ஆய்வு மானியத்தில் அமர்த்தப்படும் ஆய்வு உதவியாளர்.

முதல் மூன்றும் அனுமதிக்கப்பட்ட ஆளணிக்குள், அதாவது அனுமதிக்கப்பட்ட பதவி எண்ணிக்கைக்குள் வருபவை. ஐந்தாவது ஒரு செயற்றிட்டத்தின் காசு இருக்கும்வரைதான். நீங்கள் தேடுவது எது என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அறிவித்தல் முதலில் எங்கே வரும்?

நிரந்தரப் பதவிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலுள்ள வெற்றிடங்கள் பகுதியையும், ஞாயிற்றுக்கிழமைத் தேசியப் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். தமிழில் பார்ப்பவர்கள் தினகரன் வாரமஞ்சரியை மட்டும் நம்பி இருக்காமல், ஆங்கிலத்தில் சண்டே ஒப்சேவரையும் ஒருமுறை புரட்டுங்கள். கல்விசார் பதவிகளின் முழு விபரம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே விரிவாக இருக்கும். வீட்டுக்குப் பேப்பர் எடுக்காதவர்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ தங்கள் பிரதேச சபை வாசிகசாலையிலோ அந்த வாரத்துக்குள் போய்ப் பார்த்தால் போதும்.

பத்திரிகையில் வருவது சில வேளை சுருக்கம் மட்டுமே. பாடத்துறை, தகுதி, சம்பள அளவு, விண்ணப்பப் படிவம் எல்லாம் இணையத்தளத்தில் தனிக் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி கடந்ததும் அது நீக்கப்படலாம். ஆனால் நேர்முகத்துக்குப் போகும்போது "அறிவித்தலில் என்ன கேட்டிருந்தது" என்று பார்க்க அந்தக் கோப்பு உங்களுக்குத் தேவைப்படும்.

ஆய்வு உதவியாளர், தற்காலிக உதவி விரிவுரையாளர் அறிவித்தல்களைப் பீடங்களின் பக்கங்களிலும் துறைகளின் அறிவித்தற் பலகைகளிலும் தேட வேண்டும். இவற்றின் விண்ணப்ப காலம் குறுகியது. மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு இவை கண்ணில் படாமலே போய்விடும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று குறித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் படங்களை ஒரு தகவலாக எடுங்கள், ஆதாரமாக எடுக்க வேண்டாம். பழைய ஆண்டின் அறிவித்தலை யாரோ மீண்டும் பகிர்ந்திருப்பார்கள்; மேல் மூலையில் இருந்த திகதி வெட்டுப்பட்டிருக்கும். எந்தப் படத்தைக் கண்டாலும் அதே அறிவித்தலைப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடிக் கண்டுபிடித்த பிறகே விண்ணப்பத்தில் கை வையுங்கள்.

துறையில் ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் வெற்றிடம் அறிவிக்கப்படுவதில்லை?

ஒருவர் ஓய்வு பெற்றதும் அந்தக் கதிரை தானாக வெற்றிடமாக அறிவிக்கப்படுவதில்லை. அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. எத்தனை பதவிகள் என்ற ஆளணி எண்ணிக்கைக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதியும் திறைசேரிப் பக்கத்து அனுமதியும் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச துறை ஆட்சேர்ப்பு முழுவதுமே இறுக்கப்பட்டது. அதனால் துறை கேட்டும், பீடச்சபை பரிந்துரைத்தும், அறிவித்தல் மாதக்கணக்கில் இழுபடலாம்.

இதிலிருந்து விண்ணப்பதாரர் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நிரந்தர வெற்றிடம் எப்போது வரும் என்று துறைத்தலைவராலும் திகதி சொல்ல முடியாது. ஆகவே அவரைத் திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டு, அறிவித்தல் வரும் நாளில் எல்லாப் பத்திரங்களும் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

அறிவித்தலில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் என்ன?

அவை சம்பளக் குறியீடுகள். யூ-ஏசி கல்விசார் பதவி, யூ-இஎக்ஸ் நிர்வாகப் பதவி, யூ-எம்என் முகாமைத்துவ உதவிச் சேவை, யூ-எம்ரி தொழில்நுட்பப் பதவி, யூ-பிஎல் ஆரம்ப நிலைப் பதவி. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பனவுகள் சேரும். கல்விசார் பதவியில் அந்தச் சேர்க்கை கணிசமானது. அறிவித்தலில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து "இவ்வளவுதானா" என்று கைவிட வேண்டாம். அரச சம்பளம் திருத்தப்படும்போது இந்த அளவுகளும் மாறும் என்பதால் பழைய அறிவித்தலில் கண்ட தொகையை வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம்.

விரிவுரையாளர் (தகுதிகாண்) பதவிக்கு என்ன தகுதி?

கல்விசார் ஆட்சேர்ப்புக்கு அடிப்படை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும். சாராம்சம் இதுதான்: பொருத்தமான துறையில் சிறப்புப் பட்டம், அதில் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. பட்டத்தோடு ஆய்வுக் கூறுள்ள பட்டப்பின் தகுதியும் இருந்தால் தகுதிகாண் இல்லாத விரிவுரையாளர் தரத்துக்கும், கலாநிதிப் பட்டமும் அனுபவமும் இருந்தால் சிரேஷ்ட விரிவுரையாளர் தரத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரே அறிவித்தலில் இந்த மூன்று தரங்களும் சேர்ந்து வருவது வழக்கம். உங்களுக்கு உரிய தரத்தைப் படிவத்தில் தெளிவாகக் குறிப்பிடாவிட்டால் விண்ணப்பம் குழப்பத்தில் நிற்கும்.

இரண்டு இடங்களில் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

ஒன்று "பொருத்தமான துறை" என்ற சொல். வெற்றிடம் புள்ளிவிபரவியலுக்கு என்றால், கணிதத்தில் முதலாம் வகுப்பு எடுத்தவர் தானாகத் தகுதி பெற மாட்டார். எந்தெந்தப் பாடத்துறைகள் ஏற்கப்படும் என்று அறிவித்தலிலேயே எழுதியிருந்தால் அதுதான் எல்லை. எழுதியிருக்காவிட்டால், உங்கள் பாட அலகுகளில் எத்தனை அந்தத் துறைக்கு உரியவை என்று பெறுபேற்று அறிக்கையிலிருந்து எடுத்து ஒரு பக்கத்தில் அட்டவணையாக இணையுங்கள். தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் உங்கள் பாடத்துக்காரர்களாக இருக்க மாட்டார்கள். அந்த ஒரு பக்கம் அவர்களுக்குப் பெரிய உதவி.

மற்றது முதுமாணிப் பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உண்டு. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்காண்டு சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வுக் கூறு சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி (எம்ஃபில்) 11ஆம் மட்டத்திலும், கலாநிதி 12ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. ஒரு ஆண்டில் முடியும் பாடநெறி முதுமாணியைக் காசு கட்டிப் படித்துவிட்டு, "ஆய்வுக் கூறு" இல்லை என்று பின்னர் அறிந்து மனம் உடைபவர்கள் உண்டு. பட்டப்பின் படிப்பில் சேர முன்னரே அது எந்த மட்டம், ஆய்வுக் கட்டுரைக்கு எத்தனை திறமைப்புள்ளி (கிரெடிட்) என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெறுபேறு வந்துவிட்டது, பட்டமளிப்பு இன்னும் நடக்கவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் ஆம். பட்டத்துக்கு "செயற்படு திகதி" என்று ஒன்று உண்டு; பட்டம் அன்றிலிருந்து செல்லுபடியாகும். பட்டமளிப்பு விழாத் திகதி அதுவல்ல. செயற்படு திகதி விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தியதாக இருந்தால், பரீட்சைக் கிளையில் பெறுபேற்று உறுதிக் கடிதம் எடுத்து இணைக்கலாம். அந்தக் கடிதத்தில் வகுப்பும் செயற்படு திகதியும் இருக்க வேண்டும். வெறும் பெறுபேற்றுத் தாளில் வகுப்பு இருக்காது. கடிதத்துக்கு விண்ணப்பித்தால் கைக்கு வர நாள் எடுக்கும். அறிவித்தல் வந்த பிறகு ஓடாமல், பெறுபேறு வந்த வாரத்திலேயே இரண்டு மூலப்பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

இந்தியாவிலோ வேறு வெளிநாட்டிலோ பட்டம் எடுத்தேன். செல்லுமா?

பட்டம் வழங்கிய நிறுவனத்தை இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்க வேண்டும். இங்கேதான் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இந்தியாவிலும் ஏறக்குறைய இதே பெயரில் ஒரு மானியக்குழு இருக்கிறது. அதன் அங்கீகாரம் இந்தியாவுக்குள் செல்லும். இங்கே கேட்கப்படுவது கொழும்பு 7, வார்ட் பிளேசில் இருக்கும் ஆணைக்குழுவின் கடிதம். தொலைக்கல்வியாகவோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உள்ளூர் நிலையத்திலோ படித்தவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், எந்த முறையில் எங்கே படித்தது என்பதும் பார்க்கப்படும். கடிதம் எடுக்க மூலச் சான்றிதழ், பெறுபேற்று அறிக்கை, படித்த காலத்துக்கான கடவுச்சீட்டுப் பக்கங்கள் என்பவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்வது பிரயோசனமா?

புதிய பட்டதாரிக்கு நல்ல தொடக்கம் என்றே சொல்வோம், ஒரு எச்சரிக்கையோடு. செய்முறை வகுப்பு எடுப்பது, வினாத்தாள் தயாரிப்பில் உதவுவது, மாணவர் ஆய்வுகளைப் பார்ப்பது எல்லாம் நேர்முகத்தில் அனுபவமாகச் சொல்லக் கூடியவை. ஆனால் இது நிரந்தரத்துக்கான வாக்குறுதி அல்ல. நியமனக் கடிதத்தில் முடிவுத் திகதி இருக்கும். நீடிப்புக்கு எல்லை உண்டு. நிரந்தர வெற்றிடம் வரும்போது வெளியிலிருந்து வருபவரோடு நீங்களும் புதிதாகவே போட்டியிட வேண்டும்.

இந்தக் காலத்தை வகுப்பு எடுப்பதிலேயே செலவழித்துவிடுவதுதான் பெரிய இழப்பு. பட்டப்பின் பதிவு, ஒரு ஆய்வுக் கட்டுரை, ஒரு மாநாட்டு அளிக்கை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு, ஒப்பந்தம் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். வேலை முடியும்போது சேவைச் சான்றிதழில் திகதிகளும், கற்பித்த பாட அலகுகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆய்வு உதவியாளர் இடங்களை எப்படித் தேடுவது?

இதற்கு மற்ற எல்லாவற்றையும் விட வேறு அணுகுமுறை வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஆய்வு உதவியாளரை அமர்த்தும் காசு ஒரு குறிப்பிட்ட மானியத்திலிருந்து வருகிறது. அது பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு மானியமாக இருக்கலாம், தேசிய விஞ்ஞான மன்றத்தின் மானியமாக இருக்கலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கூட்டுச் செயற்றிட்டமாக இருக்கலாம். மானியம் கிடைத்தவர் பிரதான ஆய்வாளர். ஆளைத் தேடுவதும் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் அவர்தான். ஆகவே வெற்றிடத்தைத் தேடுவதற்கு முன் மானியத்தைத் தேடுங்கள்: உங்கள் துறையில் யார் எந்த ஆய்வு செய்கிறார், அண்மைக் கட்டுரைகளின் இறுதியில் எந்த மானியத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார், எந்த ஆண்டு தொடங்கியது என்று பாருங்கள். கூகுள் ஸ்கொலரில் அரை நாள் இருந்தால் ஒரு பீடத்துக்கான பட்டியல் கையில் வந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஆய்வுத் தேவைகள் இருக்கின்றன. சுண்ணக்கல் நிலத்தின் கீழுள்ள நிலத்தடி நீர், அதில் நைத்திரேற்று, கரையோரங்களில் உவர்நீர் ஏறுதல், வெங்காயம், புகையிலை, பனை சார்ந்த விவசாயமும் உற்பத்தியும், கடலும் மீன்பிடியும், போருக்குப் பிந்திய உளநலம், தொற்றா நோய்கள், தமிழ் மொழிக் கணிமை. இவற்றில் ஒன்றில் கைத்திறன் இருந்தால் அதைச் சொல்லித் தேடுங்கள். "எந்த ஆய்வென்றாலும் செய்வேன்" என்பது பணிவாகத் தோன்றினாலும், வாசிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பிரதான ஆய்வாளருக்கு மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

சுருக்கமாக, ஆங்கிலத்தில், 150 சொல்லுக்குள். முதல் வரியில் நீங்கள் யார், என்ன பட்டம், என்ன வகுப்பு. அடுத்து அவருடைய ஆய்வில் எந்தப் பகுதி உங்கள் இறுதியாண்டு ஆய்வோடு தொடுகிறது என்று ஒரு வரி. அடுத்து உண்மையிலேயே செய்யத் தெரிந்தவை: நீர் மாதிரி எடுத்து நைத்திரேற்று அளப்பது, பீசிஆர் பரிசோதனை, ஜிஐஎஸ் வரைபடம், ஆர் அல்லது எஸ்பிஎஸ்எஸ் புள்ளிவிபர மென்பொருள், தமிழில் நேர்காணல் எடுத்து எழுத்தாக்குவது. கடைசியில் எந்த மாதத்திலிருந்து வரலாம் என்று. இரண்டு பக்கச் சுயவிபரத்தையும் பெறுபேற்று அறிக்கையையும் ஒரே பீடிஎஃப் கோப்பாக்கி, உங்கள் பெயரையே கோப்பின் பெயராக இட்டு இணையுங்கள்.

ஒரே கடிதத்தை இருபது பேருக்கு ஒன்றாக அனுப்புவதுதான் மிகப் பெரிய பிழை. பெறுநர் வரியில் எல்லாருடைய முகவரியும் தெரிந்தால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். பதில் வராவிட்டால் பத்து நாளில் ஒரு நினைவூட்டல் போடலாம். பரீட்சை காலமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

மின்னஞ்சல் பேச்சு முடிந்தாலும் முறையான தெரிவு இல்லாமல் பல்கலைக்கழகம் நியமனம் தராது. ஆகவே "நீங்கள் வாங்கோ" என்று சொல்லப்பட்டாலும் அறிவித்தல், விண்ணப்பம், நேர்முகம் என்ற படிகள் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

ஆய்வு உதவியாளர் இடத்தை ஏற்க முன் என்ன கேட்க வேண்டும்?

கேட்கக் கூச்சப்படுகிறார்கள்; கேட்காததால் பின்னர் கசப்பு வருகிறது. மாதக் கொடுப்பனவு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, அது மானியத் தவணைகளோடு வருமா? மானியம் தவணைகளாக விடுவிக்கப்பட்டால், முன்னேற்ற அறிக்கை பிந்தும்போது கொடுப்பனவும் பிந்தும். இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும் நிலைக்கு வீட்டில் ஏற்பாடு இருக்க வேண்டும். முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்யலாமா, பதிவுக் கட்டணம் யார் கட்டுவது? களப் பயணச் செலவு கையிலிருந்து போட்டு மீளப் பெறுவதா, முற்பணமா? நெடுந்தீவுக்குப் போய் மாதிரி எடுப்பதென்றால் குறிகாட்டுவானுக்குப் பஸ், பிறகு படகு, ஒரு நாளே போய்விடும். மாதத்தில் எத்தனை பயணம் என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதையும் மரியாதையாகக் கேட்கலாம். நல்ல ஆய்வாளர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுக்க மாட்டார்.

மனிதரிடமிருந்து தரவு எடுக்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். அது கிடைக்கும்வரை களவேலை தொடங்க முடியாது. ஆறு மாத ஒப்பந்தத்தில் முதல் மூன்று மாதம் காத்திருப்பிலேயே கழியலாம்.

விண்ணப்பத்தை அனுப்புவதில் எங்கே பிழை வருகிறது?

பெரும்பாலும் சின்ன விடயங்களில். அறிவித்தல் பதிவுத் தபால் என்று கேட்டால் பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரும் துறையும் எழுதுங்கள். முடிவுத் திகதி என்பது கடிதம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய திகதி. நீங்கள் தபாற்கந்தோரில் கொடுக்கும் திகதியாக அதை எடுக்காதீர்கள். குறைந்தது ஐந்து வேலைநாள் முன்னர் அனுப்புங்கள், இடையில் போயா விடுமுறை வருகிறதா என்றும் பாருங்கள். பற்றுச்சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். இணையவழி விண்ணப்பம் கேட்டால் கடைசி இரவுவரை பொறுக்க வேண்டாம்; கோப்பின் அளவு கூடி ஏற மறுத்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

இரண்டு பதவிக்கு விண்ணப்பித்தால் இரண்டு தனி உறை. பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பட்டத்தில் தந்தை பெயர் முன்னால், திருமணத்தின் பின் கணவர் பெயர் என்று எங்களிடையே இது சாதாரணம். அப்படியானால் ஒரே ஆள் என்று சொல்லும் சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன் முடித்து இணையுங்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்டிருந்தால் வங்கிச் சீட்டின் மூலப் பிரதியை இணைத்து, போட்டோக்கொப்பியை நீங்கள் வைத்திருங்கள்.

கையொப்பமும் திகதியும் போட மறந்த விண்ணப்பங்கள் வருவது ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் வருகின்றன. உறையை ஒட்ட முன் இன்னொருவரைக் கொண்டு ஒருமுறை சரிபார்க்கச் செய்யுங்கள்.

நான் ஏற்கனவே அரச வேலையில் இருக்கிறேன்.

உங்கள் திணைக்களத் தலைவரூடாக அனுப்ப வேண்டும். ஆசிரியரென்றால் அதிபர், வலயக் கல்விப் பணிமனை என்று மேலே போக நாளாகும். அதனால் ஒரு முற்பிரதியை நேரடியாகப் பதிவாளருக்கு அனுப்பி, "திணைக்களத் தலைவரூடான பிரதி பின்னர் வரும்" என்று குறிப்பிடுங்கள். தெரிவானால் விடுவிப்பார்களா என்பதை அப்போதே பேசி எழுத்தில் வாங்குவது நல்லது. நியமனம் கிடைத்தும் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பொறுப்பேற்க முடியாமல் போவது மிகவும் வருத்தமான நிலை.

முகாமைத்துவ உதவியாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்றவற்றுக்கு?

க.பொ.த. சாதாரண தரம், உயர்தரத்தில் எந்தப் பாடங்களில் என்ன சித்தி, எத்தனை அமர்வில் என்பதை அறிவித்தலில் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாருங்கள். முகாமைத்துவ உதவியாளர் தெரிவில் எழுத்துப் பரீட்சை இருந்தால் மொழித்திறன், பொது விவேகம், கணினி என்ற பகுதிகளைப் பழகுங்கள். தட்டச்சிலோ கணினியிலோ செய்முறைத் தேர்வு வந்தால் யுனிகோட் தமிழில் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் மட்டும் பழகியவர்கள் இப்போதே மாறுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத் தொழில்நுட்ப டிப்ளோமாவும் தேசிய தொழிற்றகைமை (என்விகியூ) மட்டமும் முக்கியம். சான்றிதழில் மட்டம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்முகம் எப்படி இருக்கும்?

கல்விசார் பதவிக்குத் துணைவேந்தர் தலைமையில் தெரிவுக் குழு இருக்கும். பீடாதிபதி, துறைத்தலைவர், பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சபையான பேரவை சார்பிலும் கல்விச் சபையான மூதவை சார்பிலும் வருபவர்கள் இருப்பார்கள். நியமனம் பேரவையின் முடிவு. சிறிய விரிவுரை ஒன்று செய்யச் சொல்வது வழக்கம். பத்து நிமிடம் என்றால் ஒன்பதில் முடியுங்கள். இறுதியாண்டு ஆய்வு முழுவதையும் திணிக்காமல், முதலாம் ஆண்டு மாணவருக்கு விளங்கும்படி ஒரு கருத்தை எடுத்துப் படிப்படியாக விளக்குங்கள். ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள். கலைப்பீடத்திலும் ஆங்கிலத்தில் கேள்வி வரும். மூலப் பத்திரங்களை, விண்ணப்பத்தில் கொடுத்த அதே ஒழுங்கில், ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

"இவ்வளவு தந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார்.

கொடுக்க வேண்டாம். தெரிவுக் குழுவையும் பேரவையையும் ஒரு தரகரால் நடத்த முடியாது. அவர் செய்வது, பத்துப் பேரிடம் வாங்கி, தானாகத் தகுதியால் தெரிவான ஒருவரைக் காட்டித் தன் பெயரை வளர்ப்பது. நகை அடகு வைத்துக் கொடுத்த குடும்பங்கள் அதை மீட்க முடியாமல் தவிக்கின்றன. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதால் முறையிடவும் தயங்குகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் முகவரியின் முடிவைப் பாருங்கள். ஜேஎஃப்என் டொட் ஏசி டொட் எல்கே என்று முடியாமல் ஜிமெயிலில் வந்து காசு கேட்டால் அது ஏமாற்று. பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

தகுதி இருந்தும் நேர்முகத்துக்கு அழைக்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளைக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். முடிவை 14 வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கேள்வியைக் குறுகலாக வையுங்கள்: "எந்தத் தகுதி நிபந்தனையின் கீழ் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது", "புள்ளியிடும் திட்டத்தின் பிரதி", "எனக்கு வழங்கப்பட்ட புள்ளி". தகவல் மறுக்கப்பட்டால் அதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம். நியமனம் தொடர்பான முறைப்பாட்டுக்குப் பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை உண்டு. அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் போவதற்குக் கால எல்லை ஒரு மாதம் மட்டுமே. அதை நினைத்தால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள்.

வேலை கிளிநொச்சியில் என்று போட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரலாமா?

விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. யாழ் நகரிலிருந்து ஏ9 வீதியில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். தினமும் போய்வருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு பக்கமுமாக மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது என்று கணக்கிடுங்கள். ஆய்வுகூட வேலையில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் மாதிரி பார்க்க வேண்டி வந்தால் பயணம் சிக்கலாகும். அறை வாடகையையும் பஸ் காசையும் கொடுப்பனவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ராமநாதன் நுண்கலைப் பீடம் மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும் இருக்கின்றன. அவை நாளாந்தப் பயணத்துக்குள் வருபவை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை மட்டும்தான் பார்க்க வேண்டுமா?

இல்லை. முன்னர் இதன் கீழ் இருந்த வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அதன் அறிவித்தல்கள் இப்போது யாழ்ப்பாணத் தளத்தில் வராது, தனியே பார்க்க வேண்டும். பலர் இதைத் தவற விடுகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம், யாழ்ப்பாண உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் ஆகியவற்றிலும் விரிவுரையாளர், வருகை விரிவுரையாளர், போதனாசிரியர் இடங்கள் வரும். ஒரே பத்திரக் கோப்பு எல்லாவற்றுக்கும் உதவும். படிவமும் முகப்புக் கடிதமும் மட்டும் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதப்பட வேண்டும்.